கீறல் விழாத காய்

என் மகளுக்கு ஐந்து மாதம் நிறைந்திருந்தபோது தெருவில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அழாத பிள்ளை. நாகல் நகரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் தாளிக்கும் ஓசை அடுத்த வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கைக்குழந்தை இருப்பதே தெரியவில்லை என்று சொல்வது பெரிய பாராட்டு. குழாயடியில் பெண்கள் என்னை நிறுத்திச் சொல்வார்கள்.

"டீச்சரம்மா, எந்தக் கோயில்ல வரம் வாங்கிப் பெத்தீக? எங்க வீட்டுல ஒண்ணு கெடந்து ஊரையே கூட்டுது."

நான் சிரித்துக்கொண்டு குடத்தைத் தூக்குவேன். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. பெருமைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மகள் நலமாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளும் என்னைப் போல ஆசிரியைதான். வகுப்பில் அவள் அதட்டினால் அடுத்த கட்டடத்தில் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே படிப்பவர்கள் பதற வேண்டியதில்லை. பதற்றத்தையெல்லாம் நான் ஒருத்தியே பட்டுத் தீர்த்துவிட்டேன்.

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. நான் திண்டுக்கல்லில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குச் செம்பட்டியில் விவசாய இலாகாவில் வேலை. காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். என் தாயார் காலமாகியிருந்தார். மாமியாரோ ஊரில் மாடுகளையும் தோட்டத்தையும் விட்டு வர முடியாதவர். பிரசவ விடுப்பு முடிந்ததும் குழந்தையை யாரிடம் விடுவது என்று நான் கலங்கி நின்றபோது, நான்கு வீடு தள்ளியிருந்த பூக்கார அக்காதான் கை கொடுத்தார்.

அவர் நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளையில்லை. காலை பஸ்ஸில் ஈரச் சாக்கில் வந்து இறங்கும் மல்லிகை மொட்டுகளை வாங்கி வைத்து, பகல் முழுவதும் உட்கார்ந்த இடத்தில் சரமாகக் கட்டுவார். அவருக்கு இருபுறமும் சேலைத் தூளிகள் தொங்கும். சுருட்டுச் சுற்றப் போகும் பெண்கள் மூவர் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். நான்காவது தூளி என் மகளுக்கு. விரல்கள் பூவைத் தொடுக்க, கால் பெருவிரலில் கட்டிய கயிறு தூளியை ஆட்டும். அந்த அறைக்குள் நுழைந்தால் மணமும் ஈரமும் அமைதியுமாக, கோயில் உட்பிரகாரம் போல இருக்கும்.

நான்கு கைக்குழந்தைகள் இருக்கும் அறையில் அத்தனை அமைதி எப்படி வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு நான் வித்துவான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தேறினால் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை ஆகலாம். குழந்தை பிறந்ததும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஆனால் மாலையில் தூக்கி வந்தால் அவள் மறுபடி தூங்குவாள். பால் குடித்துவிட்டுத் தூங்குவாள். நான் சமைத்து, பாத்திரம் கழுவி, இலக்கண நூலை விரித்து வைத்தால் ஒரு முனகல்கூட இருக்காது. கணவர் வந்து தொட்டிலை எட்டிப் பார்ப்பார்.

"ஏம்புள்ள, இவ நம்ம பொண்ணா, இல்ல தவத்துல இருக்குற முனிவரா? கண்ணத் தெறந்து அப்பனைப் பாக்கவே மாட்டேங்குறாளே."

"சும்மா இருங்க. கண்ணு பட்டுரும்."

அவள் சிரிப்பதும் குறைந்திருந்தது. மலம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான். கன்னம் வற்றியிருந்தது. திருஷ்டி என்றார்கள், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். கறுப்புக் கயிறு கட்டினேன். செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன், கேட்கக்கூடிய ஒரு கேள்வியைத் தவிர.

ஏனென்றால் அந்தக் காய்களை நான் பார்த்திருந்தேன். அக்காவின் அடுக்களைச் சுவர் மாடத்தில் ஒரு பித்தளைத் தட்டில் அவை இருந்தன. காய்ந்த சிறு மாதுளம்பிஞ்சு போன்ற வடிவம். தலையில் ஒரு கிரீடம். பழுப்பு நிறத் தோலில் மேலிருந்து கீழாகக் கத்திக் கீறல்கள். கசகசாச் செடியின் காய். எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் போஸ்தக்காய் என்று கேட்டால் கொடுப்பார்கள். அக்கா அதை உடைத்து உள்ளிருக்கும் கசகசாவை உதிர்த்து ஒரு பொட்டலமாக என்னிடம் கொடுத்தார்.

"குருமாவுக்கு அரைச்சு ஊத்துங்க, தாயி. கடைச் சரக்கு மாதிரி மண்ணு இருக்காது."

"தோலை என்னக்கா பண்ணுவீங்க?"

"இருமலுக்கு, வயித்துக் கடுப்புக்கு. எங்க ஆத்தா காலத்துலருந்து வீட்டுல கெடக்குறதுதான்."

அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் கசகசாவும் அபினும் ஒரே காயின் பிள்ளைகள் என்பதை நான் படித்திருந்தேன். விதை உணவு, அதைச் சுற்றிய தோலில் ஊறியிருக்கும் பால்தான் மயக்கம், வலி மறதி, அடிமைத்தனம் எல்லாம். அதைத் தெரிந்துகொண்டே அந்தப் பொட்டலத்தை வாங்கி வந்தேன். குருமா வைத்தேன். நன்றாக இருந்தது என்று கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அன்று மாலையும் குழந்தை தூங்கினாள். நான் முப்பது பக்கம் படித்தேன்.

அபின் தின்பவர்களைப் பற்றி உலகம் நிறைய பேசியிருக்கிறது. அதைத் தான் தொடாமல், தன் பிள்ளையின் வாய் வழியாக அதன் சுகத்தை அனுபவித்த ஒருத்தியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்கு நான் பழகிவிட்டேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதத்து முகூர்த்த நாள் ஒன்று. பூவுக்குப் பெரும் கிராக்கி. முந்தின நாள் அக்கா நிலக்கோட்டைச் சந்தைக்குப் போய் மொட்டு வாங்கி வந்திருந்தார். சுருட்டுச் சுற்றும் கிட்டங்கிக்கு அன்று விடுமுறை என்பதால் மற்ற மூன்று பிள்ளைகளும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். தூளியில் என் மகள் மட்டும்தான்.

பள்ளி அருகில்தான் என்பதால் பகல் இடைவேளையில் நான் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று நுழைந்ததும் அக்கா உதட்டில் விரல் வைத்தார். மடி நிறைய மொட்டு.

"செத்த நேரம் கெடக்கட்டும், டீச்சரம்மா. நல்லாத் தூங்குது. தூங்குற புள்ளைய எழுப்பக் கூடாது."

"பால் கட்டிக்கிட்டு வலிக்குதுக்கா."

தூளியை விலக்கித் தூக்கினேன். கழுத்து நிற்கவில்லை. நீரில் நனைத்த துணியைத் தூக்குவது போலிருந்தது. மார்பில் வைத்தேன், உதடு அசையவில்லை. உதட்டைச் சுற்றி நீலம் பூத்திருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையில் நான் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிவிட்டேன். பதினொன்று என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினேன். பின்னால் அக்கா என்னைக் கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. முக்கில் நின்ற குதிரை வண்டியில் ஏறி ஆஸ்பத்திரி என்றேன்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாதவர். குழந்தையை மேசையில் கிடத்தி இமையை விலக்கி டார்ச் அடித்தார். கறுத்து விரிந்திருக்க வேண்டிய கண்ணின் பாவை கடுகளவாகச் சுருங்கிக் கிடந்ததை நானும் பார்த்தேன்.

"என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால்தான். வேற ஒண்ணும் குடுக்கல."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கூச்சமில்லாமல், இலக்கணப் பிழையில்லாமல் வந்தது. டாக்டரம்மா குழந்தையின் மூக்கையும் வாயையும் தன் வாயால் மூடி மெல்ல ஊதினார். சின்ன நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது. மறுபடி ஊதினார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"அம்மா, எனக்கு நேரமில்ல. எது உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் தைரியமா ஊசி போட முடியும். என்ன குடுத்தீங்க?"

"போஸ்தக்காய்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

டாக்டரம்மா உடனே நர்சிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். நான் வாசலைப் பார்த்தேன். பூக்கார அக்கா ஓடி வந்துகொண்டிருந்தார். அவிழ்ந்த கொண்டை, சேலை மடிப்பிலிருந்து வழி நெடுக உதிரும் மொட்டுகள். அவர் ஒளிந்திருக்கலாம், நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாம், யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அவரோ முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை டாக்டரம்மாவின் மேசைமேல் கொட்டினார்.

"நாந்தான் குடுத்தேன் தாயி. டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பால்ல ஊற வச்சுத் தொட்டு வச்சேன். எப்பவும் வைக்கிற அளவுதான். சத்தியமா கூட வைக்கல."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னபோது டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். பிறகு மேசைமேல் கிடந்த காய்களை எடுத்தார். இரண்டு வகை இருந்தன. ஒன்றில் கீறல்கள், மற்றதில் ஒரு கோடுகூட இல்லை, வழுவழுவென்றிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"நேத்து. நிலக்கோட்டையில. பழசு பூரா கீறலும் கோடுமா, சொத்தைக் கத்திரிக்கா கணக்கா இருந்துச்சு. பச்சைப்புள்ளைக்குக் குடுக்குறதாச்சேன்னு, கடைக்காரன் திட்டத் திட்ட சாக்கைக் கெளறி, நல்ல காயாப் பொறுக்கி எடுத்தாந்தேன்."

டாக்டரம்மா கீறல் விழுந்த காயைத் தூக்கிக் காட்டினார். "அந்தக் கீறல் சொத்தை இல்லம்மா. காய் பச்சையா இருக்கப்பவே கத்தியால கீறி, வடியிற பாலை எடுத்துருவாங்க. அதுதான் அபின். பால் போன சக்கைதான் இத்தனை நாள் உங்க கைக்கு வந்துச்சு. அதுவே விஷந்தான். இது கத்தி படாத காய். முழுப் பாலும் உள்ளயே இருக்கு."

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் கைகள் அவருடையவை. தோட்டத்தில் பிறந்தவருக்குக் கீறலில்லாத காய்தான் நல்ல காய். அன்பினால்தான் பொறுக்கினார். அந்த அன்பு ஒரு பகலில் என் மகளைக் கொன்றிருக்கும்.

ஊசி போட்டார்கள். அதன் பிறகு பிற்பகல் முழுவதும் ஒரே வேலை: தூங்கவிடாமல் இருப்பது. நர்ஸ் ஈரத் துணியால் முகத்தைத் துடைப்பார். டாக்டரம்மா வந்து மூச்சைப் பார்ப்பார். அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டேயிருந்தார். நார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல். ஒவ்வொரு சுண்டலுக்கும், "முழிச்சுக்க என் ராசாத்தி, முழிச்சுக்க," என்றார். ஐந்து மாதப் பிள்ளையைத் தூங்க வைத்தே பழகிய வாய் அது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து எட்டாயிற்று. எட்டு ஆறாயிற்று. ஜன்னல் நிழல் சுவருக்கு ஏறியபோது மூன்று எண்ணுவதற்குள் அடுத்த மூச்சு வந்தது. திடீரென்று அவள் முகத்தைச் சுளித்தாள். நெற்றி சிவந்தது. வாய் கோணிற்று. பிறகு அழுதாள்.

அது எப்பேர்ப்பட்ட அழுகை! ஐந்து மாதம் சேர்த்து வைத்தது போல. டாக்டரம்மா முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தரையில் சரிந்து உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். நானும்தான். அந்த நேரத்தில் செய்தி கேட்டு பஸ்ஸிலிருந்து நேரே ஓடி வந்த கணவர் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"புள்ளை இந்தக் கத்துக் கத்துது, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டா இருக்கீக? தூக்கினா என்ன?"

"தூக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. "செத்த நேரம் அழட்டும். கேக்கறதுக்கு நல்லாருக்கு."

அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குருமாவையும் சேர்த்து. அவர் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு, "நானும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேனே," என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி கொஞ்ச நாள் பிள்ளை கடுமையாக அழுவாள், உடம்பு அந்த மருந்தைக் கேட்கும், எக்காரணம் கொண்டும் மறுபடி கொடுக்கக் கூடாது, வலிப்பு வந்தால் உடனே தூக்கி வர வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. கொட்டாவி, தும்மல், நீராய்ப் பேதி, கைகால் நடுக்கம், நிற்காத அழுகை. குழாயடியில் என் நல்ல பெயர் போய்விட்டது. முதல் இரண்டு நாள் அந்த ஒவ்வோர் அழுகைக்கும் நன்றி சொன்னேன். மூன்றாம் நாள் நன்றி தளர்ந்தது. ஐந்தாம் நாள் என் காதில் அழுகையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் அழாதபோதும் அது கேட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல், கணவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். இருமலுக்கு என்று அக்கா எப்போதோ கொடுத்திருந்த ஒரு முழுக் காய் என் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. கீறல் விழுந்த பழைய காய். அதை எடுத்தேன். ஒரு சிட்டிகை, ஒரே ஒரு முறை, அவளும் பாவம் ஓய்வெடுப்பாள் என்று என் மனம் சொன்னது. 'அவளும்' என்றுதான் சொன்னது. நான் அந்த உம்மையைக் கவனித்தேன். கவனித்தும் காயைக் கீழே வைக்கவில்லை.

உடைப்பதற்காக அதைத் திருப்பியதில் உள்ளிருந்த விதைகள் கலகலவென்று ஓசையிட்டன. பாயில் கிடந்த மகள் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். கிலுகிலுப்பை என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணீருக்கு நடுவே அவள் கண்ணின் பாவை கறுத்து, விரிந்து, முழுதாக இருந்தது. மாதக் கணக்கில் நான் பார்க்காத கண்.

"டீச்சரம்மா."

வாசலில் பூக்கார அக்கா நின்றிருந்தார். தினமும் பகலில் வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், அதற்காகத்தான் வந்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அதைக் கீழ போடுங்க. நாந்தான் எழுத்தறியாதவ. படிச்சவுக நீங்களுமா?"

"படிச்சவளுக்கும் ரெண்டு காதுதாங்க்கா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, என் கையிலிருந்து காயை வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார். அது பட்டென்று வெடித்தது. பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க போயி எங்க வீட்டுல படுங்க. நான் பாத்துக்கிறேன். அழுதா என் காதுல அழுகட்டும். எனக்குத் தேவைதான்."

அவர் தன் வீட்டிலிருந்ததையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே எரித்துவிட்டிருந்தார். மற்ற மூன்று தாய்மார்களிடமும் தான் செய்ததை முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பிள்ளைகளும் சில நாள் அழுது தீர்த்தன. இருவர் அவரைத் திட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிப் போனார்கள். ஒருத்தி மட்டும், "இனிமே குடுக்க மாட்டீகன்னு ஆயிருச்சு, பெறகென்ன," என்று சொல்லித் தொடர்ந்து விட்டாள். நானும் விட்டேன். அது சரியா என்று பலர் கேட்டார்கள். தெரிந்தும் வாய் மூடியிருந்த நானே என் பிள்ளையை வைத்திருக்கலாம் என்றால், ஓடி வந்து உண்மையைக் கொட்டியவர் வைத்திருக்கக் கூடாதா?

தேர்வை அந்த ஆண்டு நான் எழுதவில்லை. அதற்கடுத்த ஆண்டு, ஒரு காதில் மகளின் கூச்சலோடு எழுதித் தேறினேன்.

பங்குனி பிறந்து சில நாள் கழித்து ஒரு பகல் இடைவேளையில் நான் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு பிள்ளை தரையில் உருண்டு மொட்டுகளைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மகளின் தூளி அசையாமல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். வியர்த்த நெற்றி, திறந்த வாய், கன்னத்தில் காய்ந்த பால். அந்த மயக்கமில்லாமல் அவள் பகலில் அயர்ந்து தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூச்சு சீராக இருந்தது. உதடு சிவப்பாக இருந்தது. எல்லாம் தெரிந்தது. ஆனாலும் என் கை நில்லாமல் அவள் உள்ளங்காலைச் சுண்டிவிட்டது.

வீடு அதிர அலறினாள். காலை உதைத்தாள். தரையில் இருந்த பிள்ளையும் சேர்ந்துகொண்டது. அக்கா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏந் தாயி, இப்பத்தான அரை நாளா ஆட்டித் தூங்க வச்சேன்! தூங்குற புள்ளைய எவளாவது எழுப்புவாளா?"

"தெரியாம எழுப்பிட்டேங்க்கா."

"தெரியாமயா? நல்லாத் தெரிஞ்சுதான் சுண்டுனீக. நானும் காலையிலருந்து ரெண்டு தடவ சுண்டுனேன்," என்றார் அவர். பிறகு தூளிக் கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு, அழுகிறவளை ஆட்டத் தொடங்கினார்.